ஏழாவது வாரத்துப் பட்டியல்

ஆகஸ்டில் முதல் பக்கத்தில் எழுதியது:
தாம்பரம் கல்லூரி, அஷ்ஃபாக். ஆறடி ஓரங்குலம்.
விரல்கள் நல்லவை. முதலிடம்.
அடியில் இரண்டு கோடு.
அப்போது மழை தொடங்கவில்லை,
யாருக்கும் கணுக்கால் பிசகியிருக்கவில்லை.

பல்கலைக்கழக வாலிபால் அணிக்கு இரண்டு செட்டர்.
ஒன்பது கல்லூரி, ஒன்பது பையன்கள்.
சனிக்கிழமை ஐ.சி.எஃப்.பில் ஷிப்ட் முடிந்ததும்
வில்லிவாக்கத்தில் ரயிலேறிப் போகிறேன்
நாற்பது பக்க நோட்டோடு.

தேர்வுக் குழு தந்த தாளில் நான்கு கட்டங்கள்:
உயரம், எடுத்த பந்து, புள்ளியான பந்து, பிழை.
அந்தத் தாள்படி
அஷ்ஃபாக் தூக்கிய நூறு பந்தில் ஐம்பத்தெட்டு புள்ளி.
ஆனால் அவனுக்கு இடப்பக்கம் நிற்பது
தென்காசியிலிருந்து விடுதியும் சாப்பாடும் கொடுத்து
அழைத்து வந்த டிக்ஸன்.
தேங்காயைத் தூக்கிப் போட்டாலும்
எதிர்த்தரையில் உடைப்பான்.
புள்ளி யாருடையது?
அதற்குக் கட்டமில்லை.

மூன்றாம் வாரம் ராயபுரத்து ரெனால்ட்
நான்கிலிருந்து இரண்டுக்கு ஏறினான்.
ஐந்தாம் வாரம் ஆறுக்கு இறங்கினான்.
நடுவே கொட்டிவாக்கத்தில் கடல்காற்று அடித்த ஒரு நாள்.
யார் தூக்கிய பந்தும் நினைத்த இடத்துக்குப் போகவில்லை.
காற்றையும் அவன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இன்று எண்ணூர் கல்லூரி.
ஏழு ஆட்டம், ஆறு தோல்வி.
அவர்களுடைய செட்டரின் பெயரை
ஆறு வாரமாக இளமாறன் என்று தப்பாக எழுதி வந்தேன்.
இளவழுதி.
ஐந்தடி எட்டு.
அவனுக்கு முதல் பந்து ஒழுங்காக வருவதே இல்லை.
பின்வரிசைக்காரர்கள் கும்பிடுவதுபோல் வாங்கி
விளக்குக் கம்பத்துக்கு அனுப்புகிறார்கள்.
ஓடுகிறான்.
ஸ்கோர் மேஜைமேல் ஏறாத குறையாக ஓடி,
வலைக்கு முதுகு காட்டியபடியே
மூலைக்குப் பந்தைத் திருப்பி அனுப்புகிறான்.
அங்கே மோசஸ் அதை வலைக்குள் அடிக்கிறான்.
எடுத்த பந்து ஒன்று, புள்ளி பூஜ்யம்.
இப்படி எட்டு முறை.

ஒன்பதாவது பந்து ஒரு சாண் தாழ்ந்து வந்தது.
பிழைக் கட்டத்தில் கோடு போட்டேன்.
பத்தாவதும் தாழ்வு. பதினொன்றும்.
அளந்து வைத்ததுபோல் அதே சாண்.
அப்புறம்தான் மோசஸின் இடது முழங்காலைப் பார்த்தேன்.
ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடிக்கிறான்.
அவன் எழும்ப முடிந்த உயரத்துக்கு
பந்தை இறக்கி வைத்திருக்கிறான் இவன்,
ஆட்டத்தின் நடுவிலேயே, யாரும் கேட்காமல்.
அடுத்த மூன்றும் தரையில் விழுந்தன.
மோசஸ் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டான்.

இருபத்தைந்துக்கு இருபத்திமூன்றில் தோற்றார்கள்.

"எண்ணூர் ஆட்டத்துக்கா இவ்வளவு நேரம் எழுதறீங்க மேடம்?"
சக தேர்வாளர் குணாளன் வண்டிச் சாவியைச் சுழற்றினார்.
"மேகம் கட்டுது."

நானும் ஒரு காலத்தில் இடப்பக்கம் அடித்தவள்.
எனக்குப் பந்து தூக்கியவள் பெயர் சகாயராணி.
அந்தப் புள்ளிகளைக் காட்டித்தான்
எனக்கு ரயில்வேயில் வேலை.
அவளிடம் காட்டுவதற்கு எதுவுமில்லை.
தோள்பட்டை வலித்த அந்த வருடம்
பந்து ஏன் அத்தனை வசதியாக வந்தது என்று
இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

மின்வண்டியில் மடியில் வைத்து எழுதினேன்.
ஒன்று: அஷ்ஃபாக்.
அதில் மாற்றமில்லை. விரல்கள் உண்மையிலேயே நல்லவை.
டிக்ஸன் கிடைத்தது அவன் குற்றமா?
இரண்டு: இளவழுதி.
பிழைக் கட்டத்தில் போட்ட கோட்டை அழிக்கப் பார்த்தேன்,
பேனா மை, தாள்தான் கிழிந்தது.
காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்:
உயரம்.

ஐந்தடி எட்டுக்கு எதிரே அதைப் பார்த்து
குணாளன் இன்று ராத்திரியே போன் செய்வார்.
செய்யட்டும்.